படம் பார்க்கத் தெரியாதவர்கள் பிரிட்டனில் மியூசியத்துக்குப் போய் என்ன செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கோவையில் முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தி ஓய்வு பெற்றவர் நீங்கள். மகள் மான்செஸ்டரில் இருக்கிறார். மனைவியோடு மூன்று வாரம் அங்கே தங்கப் போகிறீர்கள். போன தடவை லண்டனில் ஒரே நாளில் மூன்று மியூசியம் சுற்றியதில் கால் வலிதான் மிச்சம், பார்த்தது ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. இந்தத் தடவையும் மகள் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். எதைப் பார்க்கலாம், கட்டணம் உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "எங்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது, மனைவிக்கு முழங்கால் வலி வேறு, போவதில் பிரயோஜனம் உண்டா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். கல்யாணமாகி வட இங்கிலாந்துக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. அதில் பதினோரு வருடம் ஒரு நகர மியூசியத்தில், வருகிறவர்களோடு பேசுவதும் வழி சொல்வதும் கூட்டிப்போய்க் காட்டுவதும்தான் வேலை. ஆகவே ஓவியம், சிற்பம் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். டைனோசர் எலும்பு, விமானம், போர்க்கப்பல் எல்லாம் என் துறை இல்லை, அதற்கு வேறு யாரையாவது கேளுங்கள். திறக்கும் நேரம், எந்த அறை மூடியிருக்கிறது என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் முந்தின நாள் அந்தந்த இடத்தின் இணையதளத்தை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வடக்கே பல இடங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள்.

கட்டணத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் பார்க்கும் விதமே அதில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி போன்ற தேசிய நிறுவனங்களுக்குள் போகப் பணம் வேண்டாம். இங்கிலாந்தில் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த தேசிய மியூசியங்களும் 2001 டிசம்பரில் அதைக் கைவிட்டன. மான்செஸ்டர், லிவர்பூல், பர்மிங்காம், லீட்ஸ், கிளாஸ்கோ நகரங்களின் பெரிய கலைக்கூடங்களுக்கும் இலவசமாகவே போகலாம். உள்ளே நடக்கும் சிறப்புக் கண்காட்சிக்குத்தான் டிக்கெட், லண்டனில் அது ஆளுக்கு இருபது பவுண்டைத் தொடும். வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும், ஐந்து பவுண்டு போடுங்களேன் என்று எழுதியிருப்பார்கள். போட்டால் நல்லது, போடாவிட்டால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பல வருடம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் லண்டனில் கோர்ட்டால்ட் கேலரி, டல்விச் கேலரி மாதிரி சில இடங்களுக்கு நுழையவே டிக்கெட் வேண்டும்.

சரி, இலவசம் என்றால் என்ன அர்த்தம்? நம் ஆட்கள் "சும்மாதானே, எல்லாத்தையும் பார்த்துவிடுவோம்" என்று நினைக்கிறார்கள். நான் நேர் எதிராகச் சொல்வேன். காசு கொடுத்து உள்ளே போனால்தான் கொடுத்த காசுக்குப் பார்த்தாக வேண்டும் என்ற நெருக்கடி வரும். இங்கே அது கிடையாது. அரை மணி நேரம் போய், இரண்டே படம் பார்த்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். நாளைக்கு வேண்டுமானால் மறுபடி போகலாம். நாம் கோயிலுக்குப் போவது அப்படித்தானே? ஸ்ரீரங்கத்துக்கோ மதுரைக்கோ போனால் எல்லாத் தூணையும் எண்ணிப் பார்த்துவிட்டா வருகிறோம்? ஒரு சந்நிதியில் நிற்போம், கண் நிறையப் பார்ப்போம், பிராகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்வோம், வந்துவிடுவோம். அடுத்த தடவை போகும்போது இதுவரை கண்ணில் படாத ஒரு சிலை கண்ணில் படும். எழும்பூர் மியூசியத்தைச் சென்னையில் அந்தக் காலத்தில் செத்த காலேஜ் என்பார்கள். வரிசையாக நடந்து ஒன்றுவிடாமல் பார்த்தால் எந்த மியூசியமும் செத்த காலேஜ்தான்.

இதற்கு லண்டனே ஒரு சாட்சி. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழும் என்று நேஷனல் கேலரியின் ஓவியங்களை எல்லாம் வேல்ஸ் மலைக்குள் மேனட் என்ற ஸ்லேட் கல் சுரங்கத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சுவரெல்லாம் வெறுமை. மக்கள் ஏங்கிப்போய், ஒரே ஒரு படமாவது காட்டுங்கள் என்று கேட்டார்கள். 1942-லிருந்து மாதத்துக்கு ஒரு படத்தை மட்டும் சுரங்கத்திலிருந்து வரவழைத்து மாட்டினார்கள். டிஷியன் வரைந்த, உயிர்த்தெழுந்த கிறிஸ்துவை மக்தலேனா மரியாள் காணும் ஓவியம் முதலில் வந்தவற்றுள் ஒன்று. அந்த ஒற்றைப் படத்தைப் பார்க்க, இடிபாடுகளுக்கு நடுவே நடந்து, ஜனங்கள் வந்தார்கள். மாதம் ஒரு படம்! பழக்கமில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். உங்களுக்கு என் கணக்கு, ஒரு தடவை போனால் மூன்று பொருள். அதற்கு மேல் வேண்டாம்.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். அறைக்குள் நுழைந்ததும் பக்கத்தில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் படிக்காதீர்கள். சும்மா ஒரு சுற்று நடங்கள். ஏதோ ஒன்று உங்களை நிறுத்தும். ஏன் நிறுத்தியது என்று தெரிய வேண்டியதில்லை. அதன் எதிரே பெஞ்சு இருந்தால் உட்காருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள், கைகள் என்ன செய்கின்றன என்று இந்த மூன்றை மட்டும் கவனியுங்கள். கைகளை முக்கியமாக. முகத்தில் மறைப்பதை ஓவியர்கள் கையில் காட்டிவிடுவார்கள். பத்து நிமிடம் கழித்துத்தான் எழுத்தைப் படிக்க வேண்டும். அப்போது அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவரைப் பற்றிய செய்தியாக இருக்கும்.

என் அப்பா இங்கே வந்திருந்தபோது பர்மிங்காம் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அப்பா விவசாயி, கேலரி என்ற சொல்லே அவருக்குப் புதிது. ஃபோர்ட் மேடாக்ஸ் பிரவுன் 1855-ல் முடித்த 'இங்கிலாந்தின் கடைசிக் காட்சி' என்ற படம் அங்கே இருக்கிறது. கிட்டத்தட்ட வட்டமான படம். கப்பலில் ஒரு கணவனும் மனைவியும் ஊரைவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் டோவரின் வெள்ளைப் பாறைகள் தூரத்தில் தேய்கின்றன, இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. கல்லூரியில் நான் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அப்பா ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "கோஸை எதுக்கும்மா கயித்துல கட்டித் தொங்கவிட்டிருக்கான்?" என்று கேட்டார். கப்பல் விளிம்பில் முட்டைக்கோஸ்கள் தொங்குவதை நான் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. மாதக்கணக்கில் கடலில் போகிறவர்களுக்குச் சாப்பாடு. அப்பாவுக்கு அது உடனே தெரிந்தது. அப்புறம் அவரே அந்தப் பெண்ணின் கைக்கு வந்தார். ஒரு கை கணவனின் கையைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கை சால்வைக்கு நடுவே ஒரு குட்டி விரல் கூட்டத்தைப் பற்றியிருக்கிறது. உள்ளே குழந்தை இருக்கிறது, முகம் தெரியாது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மறுபடி படத்தைப் பார்த்தார்.

அந்தப் படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. சிற்பி தாமஸ் வுல்னர் என்ற நண்பர் 1852-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியதுதான் அதற்குத் தூண்டுதல். அந்தச் சமயத்தில் பிரவுனும் கையில் காசில்லாமல், பேசாமல் இந்தியாவுக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். கணவனுக்குத் தன் முகத்தையே கொடுத்தார், மனைவிக்குத் தன் மனைவி எம்மாவின் முகம். கடலில் மூட்டமான நாளில் எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக விழும் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக வெட்டவெளியில், மேகமூட்டமான நாட்களில் வரைந்தார். உடம்பின் நிறத்தை வரைய குளிர் நாட்களையே தேர்ந்தெடுத்தார். காற்றில் பறக்கும் தொப்பி ரிப்பனுக்கு மட்டும் நான்கு வாரம் ஆயிற்றாம். இதெல்லாம் அவரே எழுதிவைத்தவை. வேலை என்றால் என்ன என்று தெரிந்த உங்களைப் போன்றவருக்கு அந்த நான்கு வாரம் புரியும்.

ஆகவே படம் பார்க்கத் தெரியாது என்று சொல்லாதீர்கள். முப்பது வருடம் இரும்பைத் தொட்டுப் பார்த்துச் சரி, தப்பு சொன்ன கண் உங்களுடையது. மகள் வீட்டிலிருந்து தொடங்குவோம். மான்செஸ்டரில் விட்வொர்த் கேலரி என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டதும் உங்களுக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமாம், அதே விட்வொர்த் மரைதான். 1841-ல் போல்ட் மரைக்கு ஒரே கோணம், ஒரே அளவு வேண்டும் என்று முறை வகுத்த ஜோசப் விட்வொர்த், மான்செஸ்டரில் பட்டறை நடத்தியவர். அவர் 1887-ல் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற பணத்திலும் அவர் நினைவிலும் 1889-ல் உருவானது அது. துணிகளும் சுவர்க் காகிதங்களும் அங்கே விசேஷம். பெரிய கண்ணாடிச் சுவர் வழியே பூங்கா தெரியும், உட்கார அருமையான இடம். உங்கள் முதல் நாள் இங்கேதான் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்து ஊருக்கு நடுவே மான்செஸ்டர் ஆர்ட் கேலரி. அங்கே அதே பிரவுன் வரைந்த 'வேலை' என்ற படத்தைத் தேடுங்கள். 1852-ல் தொடங்கி 1865-ல் முடித்தார், பதின்மூன்று வருடம். வெயில் அடிக்கும் லண்டன் தெரு ஒன்றில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிறார்கள். படத்தின் நட்டநடுவில், வெளிச்சம் முழுவதும், கூலிக்காரர்கள் மேல். குதிரையில் வந்த பணக்காரர்கள் வழி அடைபட்டுப் பின்னால் நிழலில் நிற்கிறார்கள். வலது ஓரத்தில் வேலியில் சாய்ந்து இரண்டு அறிஞர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், அவர்களில் ஒருவர் எழுத்தாளர் கார்லைல். முன்னால் தாயில்லாத குழந்தைகள், அவர்களின் அக்காவே தாயாக. மண்ணை எப்படிச் சலிக்கிறார்கள், மண்வெட்டியை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிடி சரியா தப்பா என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். அதே கட்டடத்தில் 1826-ல் வரைந்த ஒரு கறுப்பின மனிதரின் படமும் உண்டு. ஐரா ஆல்ட்ரிஜ் என்ற நடிகர், ஷேக்ஸ்பியர் நாடகத்தின் ஒத்தெல்லோ வேடத்தில். பின்னாளில் இந்தக் கேலரியாக மாறிய சங்கம் தன் சேகரிப்புக்கென்று முதன்முதலில் வாங்கிய படமே அதுதான். பருத்தியால் பணக்கார ஊரான மான்செஸ்டர், அந்தப் பருத்தியைப் பறித்தவர்கள் அடிமைகளாக இருந்த காலத்தில், இதை வாங்கியது என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனம் என்னவோ செய்யும்.

அறிவியல் தொழில் மியூசியத்தை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், மகள் பட்டியலில் அது இருக்கும். 1830-ல் திறந்த லிவர்பூல் ரோடு ஸ்டேஷன் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது, உலகில் இன்றும் நிற்கும் பயணிகள் ரயில் நிலையங்களில் மிகப் பழையது. பழைய பஞ்சாலை இயந்திரங்களும் உண்டு. கோவைக்காரர் பார்க்காமல் வரக் கூடாது. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்செஸ்டர் மியூசியத்தில் 2023-ல் தெற்காசியக் கூடம் ஒன்று திறந்தார்கள். இங்கேயே வாழும் நம் நாட்டுப் பக்கத்து மக்கள் முப்பது பேர் சேர்ந்து, என்ன வைக்கலாம் எப்படிச் சொல்லலாம் என்று தீர்மானித்த கூடம். உங்கள் மனைவிக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

லண்டனை விட்டு வெளியே உள்ள இந்த நகரங்களை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. லண்டன் மியூசியங்களில் உலகமே இருக்கும், ஆனால் எதற்காக அங்கே இருக்கிறது என்பது சட்டென்று விளங்காது. இந்த நகரங்களில் கட்டடமே கதை சொல்லிவிடும். பர்மிங்காமை எடுத்துக்கொள்ளுங்கள். வரிப்பணத்தில் கலைக்கூடம் கட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நகராட்சியின் எரிவாயுத் துறையிடம் லாபம் இருந்தது. அந்தத் துறை கீழே தனக்கு ஆபீஸ் கட்டிக்கொண்டு, மேலே கலைக்கூடத்துக்கு இடம் கொடுத்தது. 1885-ல் திறந்தார்கள். தொழிலில் வந்த ஆதாயத்தால் கலையை வளர்க்கிறோம் என்று கல்லில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு புத்தர் நிற்கிறார். ஆள் உயரத்துக்கும் மேல், சுமார் 2.3 மீட்டர், ஐந்நூறு கிலோவுக்கு மேல் எடை, முழுக்கச் செம்பு. 1861-ல் பீகாரில் சுல்தான்கஞ்ச் என்ற இடத்தில் ரயில் பாதை வேலைக்காகத் தோண்டியபோது கிடைத்தவர். பர்மிங்காமின் முன்னாள் மேயர், ரயில் சாமான் செய்யும் தொழிலதிபர் சாமுவேல் தார்ன்டன், 200 பவுண்டு கொடுத்துக் கப்பலில் வரவழைத்து 1864-ல் ஊருக்குக் கொடுத்தார். கலைக்கூடம் என்று ஒன்று வருவதற்கு முன்பே புத்தர் வந்துவிட்டார். சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வது போலவே மெழுகில் உருவம் பிடித்து உருக்கி வார்த்த சிலை. ஒரே வித்தியாசம், சுவாமிமலையில் கனமாக வார்ப்பார்கள், இது உள்ளே கூடு. அந்தக் கூட்டுக்குள் வைத்த களிமண்ணில் நெல் உமி கலந்திருந்தது, அந்த உமியை வைத்துத்தான் காலத்தைக் கணித்தார்கள். வலது உள்ளங்கையை நம்மை நோக்கிக் காட்டிக்கொண்டு நிற்கும் அவர் முன்னால் வார்ப்பு வேலை தெரிந்த ஒருவர் நின்றால் எத்தனை நேரம் நிற்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரு எச்சரிக்கை. 2020-க்குப் பிறகு மின்சார வேலைக்காக அந்தக் கட்டடத்தை நீண்ட நாள் மூடி, 2024 இறுதியிலிருந்து பகுதி பகுதியாகத் திறந்துவருகிறார்கள். நான் சொன்ன படமும் புத்தரும் நீங்கள் போகும் நாளில் பார்வைக்கு இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

லிவர்பூல் பக்கம் போனால் வாக்கர் ஆர்ட் கேலரி, 1877-ல் ஒரு பீர் ஆலை முதலாளி கொடுத்தது. ஆனால் உங்கள் மனைவிக்காக நான் சொல்வது ஆற்றுக்கு அக்கரையில் போர்ட் சன்லைட். சன்லைட் சோப் தெரியாத வீடு நம்மூரில் உண்டா? அந்த சோப்பின் முதலாளி வில்லியம் லீவர், 1888 முதல் தொழிலாளர்களுக்காகக் கட்டிய கிராமம் அது. அதன் நடுவே, இறந்துபோன மனைவியின் பெயரில், லேடி லீவர் கேலரியை 1922-ல் திறந்தார். லிவர்பூலிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம், இறங்கி நடக்கும் தூரம்தான், சமதரை. கேலரி சிறியது, முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றது. அங்கே 'புதுச் சட்டை' என்ற ஒரு படம், சிறு பெண் ஒருத்தி தன் வெள்ளை உடுப்பைத் தூக்கிக் காட்டுகிறாள். லீவர் 1889-ல் வாங்கி அதை சோப் விளம்பரமாக அச்சடித்துவிட்டார். வரைந்த ஃப்ரித்துக்குக் கோபமான கோபம். இதே லீவரின் கம்பெனி பிற்பாடு காங்கோவில் பாமாயில் எடுக்கக் கட்டாய உழைப்பைப் பயன்படுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கே தொழிலாளிக்குத் தோட்டம் வைத்த வீடு, அங்கே அந்த நிலை. இரண்டும் உண்மை. லிவர்பூலின் அடிமை வணிக மியூசியத்தைப் பற்றி மகள் சொல்லியிருந்தால், புதுப்பிப்பதற்காக 2025 தொடக்கத்திலிருந்து அதை மூடியிருக்கிறார்கள்.

இது தவிர்க்க முடியாத இன்னொரு விஷயத்துக்குக் கொண்டுவருகிறது. நம் பொருட்கள் இங்கே எப்படி வந்தன? உங்கள் மனதிலும் இது இருக்கும், நம்மவர்களில் பாதிப் பேர் என்னிடம் முதலில் கேட்பதே இதைத்தான். ஒரு வழி சொல்கிறேன். பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தில் கடைசி வரியைப் படியுங்கள். வாங்கியதா, யாராவது கொடுத்ததா, எந்த வருடம் என்று பொடி எழுத்தில் இருக்கும். கூடவே வரும் பதிவு எண்ணின் முதல் பகுதி பல மியூசியங்களில் அந்தப் பொருள் அங்கே சேர்ந்த வருடம். சில பொருட்கள் பரிசு, சில விலைக்கு, சில போரில் எடுத்தவை, சில திருட்டு. எல்லாவற்றையும் திருட்டு என்பதும் தவறு, எல்லாம் முறைப்படி வந்தது என்பதும் தவறு. லீட்ஸில் ராயல் ஆர்மரீஸ் மியூசியத்தில் யானைக்குப் போட்ட இரும்புக் கவசம் ஒன்று இருக்கிறது, நூறு கிலோவுக்கு மேல் எடை. மெட்ராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி 1801-ல் கொண்டுவந்தது. இப்படி வந்தவையும் ஏராளம்.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்தில் திருமங்கையாழ்வாரின் உலோகத் திருமேனி ஒன்று இருந்தது. 1967-ல் ஏலத்தில் வாங்கியது. கும்பகோணத்துக்கு அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் 1957-ல் எடுத்த ஒரு புகைப்படம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணங்களில் இருந்தது. அதில் அதே ஆழ்வார். 2024-ல் திருப்பித் தர பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. கிளாஸ்கோ நகரமும் 2022-ல் ஏழு பொருட்களை இந்தியாவுக்குத் திருப்பித் தரக் கையெழுத்திட்டது. பிரிட்டிஷ் மியூசியம் ஏன் அப்படிச் செய்வதில்லை என்றால், 1963-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சேகரிப்பில் உள்ளதைக் கொடுக்க அதற்குப் பெரும்பாலும் தடை போடுகிறது. நகராட்சி, பல்கலைக்கழக மியூசியங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. சட்டம் மாற வேண்டும் என்பது என் கருத்து, கருத்து என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே எழுத்தில் சில சொற்களைக் கவனித்தால் எது நிச்சயம், எது ஊகம் என்பதும் தெரியும். ஓவியர் பெயர் நேராகப் போட்டிருந்தால் அவரே வரைந்தது. 'அவருடையதாகக் கருதப்படுவது' என்றால் ஆதாரம் போதாது. 'அவர் பட்டறை' என்றால் உதவியாளர்கள் கை. 'அவரைப் பின்பற்றி' என்றால் நகல். இதில் அறிஞர்களே அடித்துக்கொள்வார்கள். எடின்பரோவில் பனியில் சறுக்கும் பாதிரியார் படம் ஸ்காட்லாந்தின் அடையாளம் போல. ரேபர்ன் வரைந்தது என்றே எல்லாரும் நம்பினார்கள், 2005-ல் இல்லை, டான்லூ என்ற பிரெஞ்சுக்காரர் என்று வாதம் கிளம்பியது. இன்று மறுபடி ரேபர்ன் பெயரில்தான் மாட்டியிருக்கிறார்கள். கிளாஸ்கோ போனால் கெல்விங்ரோவ் மியூசியத்தைப் பற்றி டாக்ஸிக்காரர் ஒரு கதை சொல்வார். கட்டடத்தை முன்பின்னாகக் கட்டிவிட்டதால் கட்டடக் கலைஞர் கோபுரத்திலிருந்து குதித்துவிட்டார் என்று. அது கட்டுக்கதை. 1901-ல் அந்தப் பூங்காவில் பெரிய பொருட்காட்சி நடந்தது, வாசலை அதைப் பார்த்து வேண்டுமென்றே வைத்தார்கள். உள்ளே மதிய நேரத்தில் பெரிய குழல் ஆர்கன் வாசிப்பார்கள், இலவசம், நாற்காலியும் உண்டு. மான்செஸ்டரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் போங்கள்.

லண்டன் மறுபடி போவீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. போனால் வெள்ளிக்கிழமை மாலை. பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் கேலரியும் அன்று இரவு வரை திறந்திருக்கும், கூட்டமும் குறையும். பிரிட்டிஷ் மியூசியத்தில் ரொசெட்டா கல்லை விட்டுவிட்டு நேரே 33-ஆம் எண் கூடத்துக்குப் போங்கள். சோழர் நடராஜர் இருக்கிறார். அதை ஒட்டிய அறையில், ஆந்திராவின் அமராவதியில் இருந்த பௌத்த ஸ்தூபியின் சிற்பங்கள். அவற்றின் இன்னொரு பெரும்பங்கு நம் எழும்பூர் மியூசியத்தில். ஒரே ஸ்தூபியின் கற்கள் இரண்டு கண்டத்தில். ஊர் திரும்பியதும் சென்னையில் அரை நாள் ஒதுக்கி மீதியையும் பார்த்துவிடுங்கள், பார்த்தது அப்போதுதான் முழுமையாகும்.

இப்போது உங்கள் மனைவியின் முழங்கால். பெரிய மியூசியங்கள் பெரும்பாலானவற்றில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள், முந்தின நாளே போன் செய்து சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார்கள். நாற்காலி கூச்சமாக இருந்தால் மடக்கு ஸ்டூல் கேளுங்கள், கையில் தூக்கிக்கொண்டு வேண்டிய படத்தின் முன்னால் விரித்து உட்காரலாம். லிஃப்ட் பெரும்பாலான இடங்களில் உண்டு, ஆனால் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். அறை ஓரத்தில் அடையாள அட்டையோடு நிற்கிறவர்களைத் தயங்காமல் கேளுங்கள். காவலுக்கு நிற்கிறார்கள் என்று நினைத்து நம்மவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். நாள் முழுக்க அந்த அறையில் நிற்பவர்கள் அவர்கள்தான், எந்தப் படம் எந்த வேளையில் நன்றாகத் தெரியும் என்பதுகூடத் தெரியும். யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்றிருக்கும் அவர்களுக்கு. ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, படத்தைக் காட்டி "இது எப்படி?" என்றால் போதும். ஃபிளாஷ் போடாமல் பெரும்பாலும் போட்டோ எடுக்கலாம். சக்கரம் வைத்த பெரிய பெட்டியோடு மட்டும் போகாதீர்கள், பல இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். குடிதண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் காசில்லாமல் கிடைக்கும். ஊருக்குள் அலையும்போது அதற்காக மட்டும் நுழைந்தாலும் தப்பே இல்லை. நுழைந்தவர்கள் வெளியே வரும் வழியில் ஒரு படத்தின் முன்னால் நின்றுபோவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.